காரைத் தாழ்த்தினால் முதுகு வலிப்பது ஏன்? ஸ்பிரிங் மட்டும்தான் காரணமா?

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

"என்னுடையது 2018 ஹோண்டா சிவிக், 1.6 லிட்டர். சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளி பிடிக்காமல், போன வருடம் நண்பர் ஒருவரிடமிருந்து 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். அப்சார்பர் காரோடு வந்ததுதான். ரிம்மையும் 16 அங்குலத்திலிருந்து 18க்கு மாற்றினேன். தனியாக ஓட்டும்போது பரவாயில்லை. அம்மாவும் அப்பாவும் பின்னால் உட்கார்ந்தால் புளோக் கார்ப்பார்க் ஹம்ப்பில் 'டொம்' என்று அடிக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வந்ததிலிருந்து அம்மா இந்தக் காரில் ஏற மாட்டேன் என்கிறார். ஒரு வொர்க்‌ஷாப்பில் முன்னால் 10கே, பின்னால் 8கே காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் செட்) போடச் சொல்கிறார்கள். நண்பரோ, 'ஸ்பிரிங்தான் ரொம்ப டைட்டு, இன்னும் சாஃப்ட்டான ஸ்பிரிங் போடு' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? கார் கொஞ்சம் தாழ்வாகவும் இருக்க வேண்டும், அம்மாவும் ஏற வேண்டும்."

அன்புத் தம்பிக்கு,

இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் அம்மாவின் முதுகில் அடிப்பது ஸ்பிரிங் இல்லை என்பது என் கணிப்பு. ஸ்பிரிங் இறங்க இடமில்லாமல் போய், அப்சார்பர் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்த் தடுப்பு அடிக்கிறது. தனியாக ஓட்டும்போது பரவாயில்லை, பின்னால் ஆள் ஏறினால் 'டொம்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டுமே காரணம் என்றால் தனியாகப் போகும்போதுதான் அதிகமாகக் குலுக்கியிருக்கும். பாரம் கூடக் கூட விறைப்பான ஸ்பிரிங் இதமாகத்தான் தெரியும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது.

முதலில் அந்த 'கே' என்ன என்று பார்ப்போம். 8கே என்றால், அந்த ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ எடை வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு 16 கிலோ. அமெரிக்கக் கம்பெனிகள் இதையே அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எழுதும். 1கே என்பது அங்குலத்துக்கு ஏறத்தாழ 56 பவுண்டு. சில ஸ்பிரிங்குகளில் சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் விலகியும் இருக்கும். அவை அமுங்க அமுங்க விறைப்பு கூடும். தாழ்த்தும் ஸ்பிரிங்குகளில் பல இந்த வகைதான். சரி, இதெல்லாம் ஸ்பிரிங்கைத் தனியாக மேசையில் வைத்து அளப்பது. காருக்குள் போனதும் கதை மாறுகிறது.

உங்கள் வகைக் காருக்குப் பொருந்தும் உருண்டையான எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். பின்னால் ஒரு சக்கரத்தில், கார் நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை 50 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைப்போம். தொட்டபின் அந்த ரப்பர்த் துண்டு முழுக்க நசுங்க இன்னொரு 40. மொத்தம் 90. நீங்கள் காரை 40 மி.மீ. இறக்கிவிட்டீர்கள். தொடுவதற்கு முன்னால் இருந்த 50, இப்போது 10. அம்மாவும் அப்பாவும் ஏறுகிறார்கள். இருவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களில்தான் விழும். சக்கரத்துக்கு 55 கிலோ என்று கொள்ளுங்கள். சக்கரத்தின் இடத்தில் விறைப்பு மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ என்றால், கார் 22 மி.மீ. இறங்க வேண்டும். ஆனால் இருப்பது 10 தான். ஆக, கார் கிளம்பும் முன்பே, ஈசூன் கார்ப்பார்க்கில் நிற்கும்போதே, பின்பக்கம் பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்துவிட்டது. மெத்தை முழுக்க அமுங்கிக் கட்டில் பலகை முதுகில் படும் நிலைதான் இது. அதற்குப்பின் ஒவ்வொரு ஹம்ப்பும் நேராக உடம்புக்கு வருகிறது.

இங்கேதான் உங்கள் நண்பரின் யோசனை ஆபத்தாகிறது. உயரத்தை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மென்மையாக்கினால், அதாவது 2.5ஐ 2 ஆக்கினால், அதே 55 கிலோவுக்குக் கார் 27.5 மி.மீ. இறங்கப் பார்க்கும். இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாகப் பம்ப் ஸ்டாப்பில் மோதும். அம்மா மேலும் திட்டுவார். தாழ்த்திய காருக்கு விறைப்பான ஸ்பிரிங் கொடுப்பது ரேஸ் ஆசையால் அல்ல. குறைந்த தூரத்துக்குள் அதே அடியை வாங்கி முடிக்க வேண்டும் என்பதால்தான். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 90 மி.மீ. இடம் 50 ஆனால், அதே ஹம்ப்பை அடிதட்டாமல் தாங்க மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு வேண்டும். கடையில் விற்கும் தாழ்த்தும் ஸ்பிரிங் பெரும்பாலும் 20, 30 சதவீதம்தான் கூடுதல் விறைப்பு உள்ளது. மீதியைப் பம்ப் ஸ்டாப்தான் வாங்குகிறது. 40க்குப் பதில் 20 மி.மீ. மட்டும் இறக்கினால் தேவை ஏறத்தாழ 1.65 மடங்காகக் குறைந்துவிடும். அது கையாளக்கூடிய எண். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்: எவ்வளவு தாழ்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஸ்பிரிங் எண்ணை அப்புறம் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்படியானால் வொர்க்‌ஷாப்காரர் சொன்ன 10கே சரியா? பம்ப் ஸ்டாப்பில் அடிப்பது குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கார் வேறு விதத்தில் உங்கள் அம்மாவை வாட்டும். ஏன் என்று விளக்க இன்னொரு கணக்கு தேவை.

காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேலும் கீழும் ஆடும். வினாடிக்கு எத்தனை முறை என்பதுதான் சொகுசைத் தீர்மானிக்கும் எண். சாதாரணக் குடும்பக் காரில் இது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை. விளையாட்டு ரகக் கார்களில் 2 வரை போகும். அதற்கு மேல் பந்தயத் தடத்துக்கானது. கணக்கு எளிது: கார் தன் எடையால் ஸ்பிரிங்கை எத்தனை மில்லிமீட்டர் அமுக்குமோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் போதும். முன்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ என்போம். உங்கள் காரில் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. அதில் ஸ்பிரிங் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால், ஸ்பிரிங்கின் எண்ணும் சக்கரம் உணரும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றே. 2.5கே போட்டால் 140 மி.மீ. அமுங்கும், 1.3 ஹெர்ட்ஸ். 4கே என்றால் 1.7. வொர்க்‌ஷாப் சொன்ன 10கே என்றால் 35 மி.மீ. மட்டுமே அமுங்கும், 2.7 ஹெர்ட்ஸ். அறுபது, எழுபது வயதுக்காரர்களை உட்காரவைத்து விரைவுச்சாலை மேம்பால இணைப்புகளில் ஓட்டக்கூடிய எண் இல்லை அது.

மனித உடம்பு செங்குத்தான அதிர்வை எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி உணர்வதில்லை. உட்கார்ந்திருப்பவருக்கு 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுதான் மிகவும் உறைக்கும். ஐஎஸ்ஓ 2631 என்ற அனைத்துலகத் தரநிலையும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறது. 1.3 ஹெர்ட்ஸ் கார் அதற்கு வெகு கீழே இருக்கிறது. ஸ்பிரிங்கை விறைப்பாக்க ஆக்க அதை நோக்கி ஏறுகிறோம். பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்த கார் இன்னும் மோசம். அங்கே விறைப்பு பல மடங்கு கூடிவிடுவதால், 1.3 ஹெர்ட்ஸில் ஆட வேண்டிய கார் அந்த வலிக்கும் பகுதியை நெருங்கிவிடும். அம்மா நடிக்கவில்லை, தம்பி.

பின்பக்கம் கதை வேறு. உங்கள் காரில் பின்னால் மல்டிலிங்க், அதாவது சக்கரத்தைப் பல இணைப்புக் கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. இந்த வகை அமைப்புகளில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழே உள்ள கையின் (கீழ்க்கை) மேல், சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ. தான் அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.7ஐ ஒருமுறை இல்லை, இரண்டு முறை பெருக்க வேண்டும். தூரமும் குறைகிறது, நெம்புகோலால் விசையும் குறைகிறது. ஆக 8கே ஸ்பிரிங், சக்கரத்தில் ஏறத்தாழ 4கேதான். இதைத் தெரியாமல் 'முன்னால் 10, பின்னால் 8, கிட்டத்தட்ட சமம்' என்று நினைப்பவர்கள் நிறைய. பின்சக்கரத்தின் மேல் 230 கிலோ என்றால் அந்த 8கே 2.1 ஹெர்ட்ஸ் தரும். முன்னால் 2.7, பின்னால் 2.1.

பந்தயத் தடத்தில் அப்படி அமைப்பதற்குக் காரணங்கள் உண்டு. குடும்பக் காருக்கு அது தலைகீழ். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து சொன்னது இன்றும் பாடமாக இருக்கிறது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பொறுத்து ஏறுகிறது. உங்கள் காரின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.7 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் அந்தத் தாமதம் 0.12 வினாடி. தாமதமாக ஆடத் தொடங்கும் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, இரண்டும் சேர்ந்து மேலும் கீழுமாகப் போகும். இல்லையென்றால் முன்பக்கம் எழும்போது பின்பக்கம் தாழ்ந்து, கார் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது வயிற்றைப் புரட்டுவதும், கழுத்து வலிப்பதும் பெரும்பாலும் அந்தத் தலையாட்டல்தான்.

இப்போது அப்சார்பர். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பழைய அப்சார்பரை விட்டுவைத்தீர்கள். ஸ்பிரிங் ஆட்டத்தைக் கொடுக்கும், அப்சார்பர் அதை அடக்கும். விறைப்பு 30 சதவீதம் கூடினால், அதே அப்சார்பரின் அடக்கும் விகிதம் 12 சதவீதம்போலக் குறையும். அதுவும் 2018இலிருந்து உழைத்த அப்சார்பர். எண்ணெய் கசிகிறதா என்று தண்டைச் சுற்றிப் பாருங்கள். கசியாவிட்டாலும் உள்ளே தேய்ந்திருக்கலாம். மேலும், தாழ்த்திய காரில் அப்சார்பரின் பிஸ்டன் தான் வழக்கமாக ஓடும் இடத்தை விட்டுக் கீழே ஓடுகிறது, நாள் முழுக்கப் பம்ப் ஸ்டாப்பில் இடி வாங்குகிறது. சீக்கிரம் சாவது இயல்பே.

காயில்ஓவர் வாங்குகிறவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருகி இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது. விறைப்பு மாறாத நேர்கோட்டு ஸ்பிரிங்கில் அது நடக்காது. 5கே எப்போதும் 5கேதான். வளையம் காரின் உயரத்தை மாற்றும், அவ்வளவுதான். அந்த வளையத்தை இறக்கிக் காரைத் தாழ்த்தினால் பம்ப் ஸ்டாப்புக்கு உள்ள இடத்தைத்தான் மறுபடி தின்கிறீர்கள். கீழ்ப்பாகத்தைத் திருகி நீளத்தை மாற்றும் வகை வாங்கினால் அப்சார்பரின் ஓட்டம் அப்படியே இருக்கும். ஆனால் சக்கரம் மேலே ஏறும்போது டயர் ஃபெண்டரின் உள்ளே உரசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். 18 அங்குல ரிம்மில் இது முக்கியம்.

இரண்டாவது, அப்சார்பரின் அடக்கும் பலத்தை மாற்றும் கிளிக் திருகி. வாங்கியதும் எல்லாரும் விறைப்பான பக்கம் முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஸ்பிரிங் விரிந்து திரும்பும் வேகத்தைத்தான் அதிகம் கட்டுப்படுத்தும். அதை அதிகம் இறுக்கினால், ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வரிசையாக வரும் சிறு மேடுகளில் கார் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும். மிக மென்மையான பக்கத்திலிருந்து தொடங்கி, கார் ஒரு மேட்டுக்குப்பின் ஒரே ஆட்டத்தில் அடங்கும் வரை மட்டும் கூட்டுங்கள்.

ரிம் பற்றி ஒரு வார்த்தை. 215/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 118 மி.மீ. நீங்கள் போட்டது 235/40 ஆர்18 என்றால் 94. சிறு கூர்மையான அடிகளை, மேம்பால இணைப்பின் 'டக் டக்' ஒலியைப்போல உள்ளவற்றை, முதலில் வாங்குவது டயர்தான். அந்த 24 மி.மீ. போனதன் வித்தியாசம் ஸ்பிரிங்கால் திரும்ப வராது. 17 அங்குலம் உங்களுக்கு நல்ல சமரசம்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அப்சார்பர் தண்டில், தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைச் சற்று இறுக்கமாகக் கட்டி, அப்சார்பர் உடலோடு ஒட்டும்படி கீழே தள்ளுங்கள். அம்மா, அப்பாவை உட்காரவைத்து வழக்கமான பாதையில் ஒருமுறை மெதுவாகப் போய் வாருங்கள். அம்மா மறுத்தால் அதே எடைக்கு அரிசி மூட்டையை வையுங்கள். திரும்பி வந்து கேபிள் டை எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பின் நுனிவரையோ, அதையும் நசுக்கியோ போயிருந்தால் நான் சொன்ன நோய்தான். பின்பக்கம் போயிருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

அப்புறம் என்ன செய்யலாம்?

பழைய ஸ்பிரிங் வைத்திருந்தால் அதையும் நல்ல புதிய அப்சார்பரையும் போடுங்கள். பெற்றோர் வாரம் ஒருமுறையாவது ஏறும் கார் என்றால் என் முதல் பரிந்துரை இதுதான், தயக்கமில்லாமல் சொல்கிறேன். தாழ்வு வேண்டவே வேண்டும் என்றால், 15 முதல் 20 மி.மீ. மட்டும் இறக்கும் ஸ்பிரிங்கை, அதற்கென்றே பொருத்தி விற்கும் அப்சார்பருடன் வாங்குங்கள். ஃபெண்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். காயில்ஓவர்தான் என்று மனது நின்றால், 10க்கு 8 வேண்டாம். முன்னால் 4கே, பின்னால் ஸ்பிரிங் கீழ்க்கையில் இருந்தால் 6கே கேளுங்கள். மேலே போட்ட கணக்கின்படி முன்னால் 1.7, பின்னால் 1.8 ஹெர்ட்ஸ் வரும். அம்மா, அப்பா ஏறினால் பின்னால் 1.6க்கு இறங்கும். பல தயாரிப்பாளர்கள் ஸ்பிரிங் எண்ணை மாற்றித் தருவார்கள், கேட்க வேண்டும்.

ஸ்பிரிங்கில் ஒரு சுருளை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும், அதை விட நீளம் குறைவதுதான் அபாயம். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, இருக்கையை விட்டு நகரலாம். வெட்டிய முனை சரியாக உட்காராது.

ரொம்பத் தாழ்த்தினால் வளைவில் கார் குறைவாகச் சாயும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. ஸ்ட்ரட் அமைப்பில் காரை இறக்கும்போது, கார் சாயும் மையப்புள்ளி காரின் எடைமையத்தை விட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீண்டு, சாய வைக்கும் விசை கூடும். 40 மி.மீ. இறக்கியவர்கள் 'இன்னும் விறைப்பு வேண்டும்' என்று தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதை மாற்றினாலும் அன்றே சக்கர அலைன்மெண்ட் பாருங்கள். உயரம் மாறினால் டோ, கேம்பர் எனும் சக்கரக் கோணங்கள் மாறும், டயரின் உள்விளிம்பு தேயும். முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிபாருங்கள். எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் ஆய்வு நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் கார் 10 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போக வேண்டிய கார், ஆய்வு நாளில்தான் தெரிந்துகொள்வது என்றால் காலம் கடந்துவிடும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

வொர்க்‌ஷாப்பில் பேசும்போது 'எத்தனை கே?' என்று தொடங்காதீர்கள். 'இந்த உயரத்தில், நாலு பேர் உட்கார்ந்தபின், பின்னால் பம்ப் ஸ்டாப்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?' என்று கேளுங்கள். அளந்து பதில் சொல்கிறவரிடம் காரை விடுங்கள். கேபிள் டையில் வந்த அளவை முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியாக எழுதி அனுப்பினால், உங்கள் காருக்கான எண்ணை நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.